ஒரே லென்ஸ், இரண்டு கேமராக்கள்

டிஎஸ்எல்ஆர் எனப்படும் கேமராவில், லென்ஸ் வழியாக உள்ளே வரும் ஒளி சாய்வாக நிறுத்தப்பட்ட கண்ணாடி ஒன்றில் பட்டு மேல்நோக்கித் திரும்பிப் படமெடுப்பவரின் கண்ணை அடைகிறது. பொத்தானை அழுத்தும் கணத்தில் அக்கண்ணாடி மேலெழும்பி வழிவிட, ஷட்டர் திறந்து, முன்பு ஃபிலிம் இருந்த இடத்தில் இப்போது இருக்கும் சென்சார் மீது அதே ஒளி விழுகிறது. 1991இல் கோடாக் நிறுவனம் நிகான் எஃப்3 என்னும் ஃபிலிம் கேமராவின் உடலில் 13 லட்சம் பிக்சல் கொண்ட சென்சாரைப் பொருத்தி விற்றபோது, படங்களைச் சேமிப்பதற்கென்றே தோளில் ஒரு தனிப் பெட்டியைச் சுமக்க வேண்டியிருந்தது. 1999இல் வந்த நிகான் டி1 அச்சுமையை நீக்கியதெனினும் பத்திரிகை நிறுவனங்களைத் தாண்டிப் பெரும்பாலோர் வாங்கத் தக்கதாக அமையவில்லை. 2003இல் கேனான் 300டி, 2004 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட நிகான் டி70 ஆகிய இரண்டும் ஆயிரம் அமெரிக்க டாலருக்கு உட்பட்ட விலையில் வெளிவந்த பிறகே, சிற்றூர் ஸ்டூடியோக்காரர்களும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கும் ஆர்வலர்களும் இக்கருவியைக் கையில் எடுத்தனர்.

அவ்வாறு வாங்கியவர்களுள் இக்கட்டுரையாசிரியரும் ஒருவர். டி70 அவரிடம் ஏறத்தாழப் பத்தாண்டு உழைத்தது. அதன்பின் அவ்விடத்திற்கு 2015இல் வெளியான டி7200 வந்தது. இவ்விரண்டையும் ஒப்பிடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. டி70க்குப் பின் டி80, டி90, டி7000, டி7100 என்று இறங்கி வந்த ஒரே கால்வழியின் இரு முனைகள் இவை. சென்சாரின் பரப்பு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே, அதாவது பழைய 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் பாதிக்கும் சற்றுக் குறைவு. லென்ஸ் பொருந்தும் வாயும் நிகான் 1959இல் வகுத்த அதே எஃப் வகை. ஆகவே 50 மி.மீ. எஃப்1.8 டி என்னும் சிறிய, மலிவான லென்ஸ் ஒன்றை மாற்றி மாற்றிப் பொருத்தி, லென்ஸினால் வரும் வேறுபாடு எது, உடலினால் வரும் வேறுபாடு எது என்று பிரித்தறிய முடிந்தது. கடைக்காரர் காட்டும் ஒப்பீட்டு அட்டவணையில் இப்பிரிவினை ஒருபோதும் கிடைப்பதில்லை.

அந்த அட்டவணையின் முதல் வரியில் நிற்பது பிக்சல் எண்ணிக்கை. படத்தின் மிகச்சிறிய நிறப்புள்ளியே பிக்சல். டி70 தருவது 61 லட்சம், டி7200 தருவது 2 கோடியே 42 லட்சம். நான்கு மடங்கு என்று கேட்கும்போது மலைப்பு உண்டாகிறது. ஆனால் அது பரப்பின் கணக்கு. ஒரு படத்தின் நீளவாக்கில் எண்ணினால் 3008 புள்ளிகள் 6000 ஆகின்றன, அதாவது இரு மடங்கே. 12 அங்குல நீளமும் 8 அங்குல அகலமும் கொண்ட தாளில் ஓர் அங்குலத்திற்கு 250 புள்ளி வீதம் அச்சிடுவதற்கு டி70இன் படமே போதும். திருமண வீடுகளில் கரிஷ்மா ஆல்பம் பரவி, ஒரே படம் 18 அங்குலப் பக்கத்தை நிரப்ப வேண்டிய நிலை வந்த பின்னரே அதன் போதாமை வெளிப்பட்டது. அப்போதும் மணமக்களின் முகத்தைக் கைநீட்டுத் தொலைவில் வைத்துப் பார்ப்பவர் எவரும் குறை கூறியதில்லை. குறை சொன்னவர்கள் பெரும்பாலும் மற்றப் புகைப்படக்காரர்கள்.

கற்சிற்பங்களைப் படமெடுக்கையில் நிலைமை சற்று வேறு. இரண்டாம் இராசராசன் 12ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில், கருவறை விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றிலும் நாயன்மார் வரலாறுகளைச் சொல்லும் சிறுசிறு புடைப்புச் சிற்பங்கள் வரிசையாக உள்ளன. தேய்ந்துபோன கல்லில், ஓர் உருவத்தின் கை எங்கே முடிகிறது, அதிலுள்ள பொருள் எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டுவது புள்ளிகளின் மிகுதியன்று. பக்கவாட்டில் சாய்ந்து விழும் வெயிலின் நிழலே. காலை வெயிலில், ஒளிக்குச் சென்சார் காட்டும் உணர்திறனின் அளவாகிய ஐஎஸ்ஓவை 200இல் வைத்து டி70 எடுத்த படங்களும், பின்னாளில் அதே லென்ஸால் டி7200 எடுத்தவையும் அருகருகே வைக்கப்பட்டபோது, நூலில் அச்சிடும் அளவில் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துச் சொல்வது கடினமாக இருந்தது. ஆனால் தேர் வடிவில் சக்கரமும் குதிரையுமாக அமைந்த முன்மண்டபத்தை வெளியிலிருந்து பார்க்கும் கோணத்தில் எடுக்கும்போது வேறுபாடு உடனே தெரிந்தது. வெயில் படும் சக்கரத்திற்கு ஏற்ப டி70இல் ஒளியளவை வைத்தால் தூண்களுக்கு உள்ளேயுள்ள இருள் வெறும் கறுப்பாகிவிடும். உள்ளிருளுக்கு ஏற்ப வைத்தால் சக்கரம் வெளுத்து, வானம் வெள்ளைத் தாளாகிவிடும். மிக வெளிச்சமான பகுதிக்கும் மிக இருண்ட பகுதிக்கும் இடையே ஒரு சென்சார் விவரம் இழக்காமல் பதியக்கூடிய தொலைவை டைனமிக் ரேஞ்சு என்பர். ஒளி இரட்டிப்பாகும் ஒவ்வொரு படியும் ஒரு ஸ்டாப். டி70க்கு அது சுமார் 10 ஸ்டாப், டி7200க்கு 14க்கு மேல். எண்ணில் நான்கே படி என்றாலும், பொருளில் அது பதினாறு மடங்கு ஒளி வேற்றுமை. வெயிலுக்கு ஏற்ப எடுத்த ஒரே படத்தில், கணினியில் நிழலைத் தூக்கிவிட்டால் உள்தூணின் சிற்பம் எழுந்து வருகிறது. தொல்லியல் துறையின் பொறுப்பிலுள்ள இத்தகைய கோயில்களில் முன் அனுமதியின்றி முக்காலி வைக்க இயலாது என்பதால், கையில் பிடித்தே எடுக்க வேண்டியவருக்கு இது சிறிய உதவியன்று.

இங்கே, பரவலாக நம்பப்பட்டுவரும் ஒரு கருத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒளியை வாங்கும் ஒவ்வொரு குழியும் டி70இல் 7.8 மைக்ரான் அகலமுடையது, டி7200இல் 3.9 மைக்ரான். குழி சிறுத்தால் இருட்டில் படம் கெடும் என்று அக்காலத்தில் உறுதியாகச் சொல்லப்பட்டது. குழி பெரிதானால் ஒளித்துகள் மிகுதியாகச் சேரும் என்பது உண்மையே. ஆனால் முழுப் படத்தையும் ஒரே அளவில் அச்சிட்டுப் பார்க்கும்போது கணக்கில் வருவது சென்சாரின் மொத்தப் பரப்பு, அது இரண்டிலும் ஒன்றே. மின்னூட்டத்தைப் படித்து எண்ணாக மாற்றும்போது மின்சுற்று தானாகச் சேர்க்கும் பிழை, அதாவது படத்தில் சோறு சிதறியதுபோல் தெரியும் நாய்ஸ், இடைப்பட்ட பதினோராண்டில் பெரிதும் குறைக்கப்பட்டுவிட்டது. டி70இல் இருந்த சிசிடி வகைச் சென்சார் மின்னூட்டத்தை வரிசையாக நகர்த்திக்கொண்டுபோய் ஓரத்தில் படித்தது. டி7200இல் உள்ள சிமாஸ் வகை ஒவ்வொரு குழியிலும் தனிப் பெருக்கி கொண்டு, அங்கங்கே படிக்கிறது.

இவ்வேற்றுமை ஏட்டிலிருந்து இறங்கிக் கண்முன் நிற்கும் இடம் தெருக்கூத்துக் களம். வட தமிழகத்து ஊர்களில், பாரதக் கூத்து நடக்கும் வேனில் மாதங்களில், இரவு பத்து மணிக்குமேல் தொடங்கி விடியும்வரை ஆட்டம் நீளும். புரிசை, செய்யாறு வட்டாரங்களில் டி70 காலத்தில் களரிக்குக் கிடைத்த வெளிச்சம், இருபுறமும் நட்ட சவுக்குக் கழிகளில் கட்டிய இரண்டு மூன்று டியூப் லைட்டுகள் மட்டுமே. டி70இல் ஐஎஸ்ஓ 1600உடன் நின்றது. 50 மி.மீ. லென்ஸை எஃப்1.8க்கு முழுதாகத் திறந்து வைத்தாலும் ஷட்டர் 1/60 விநாடிக்கு மேல் போகாது. திரைக்குப் பின்னாலிருந்து வேடம் பாடிக்கொண்டே வெளிப்படும் கணத்திற்கு அவ்வேகம் போதும். கிறுக்கி எனப்படும் வேகச் சுழற்சியில் இறங்கியதும் கால்கள் புகையாகிவிடும், பாவாடை மட்டும் வட்டமாகப் பதியும். அப்படங்களில் சில அழகானவை என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அடவை ஆவணப்படுத்த முனைபவருக்கு அவை பயன்படா. ஃபிளாஷ் அடித்தால் கிரீடத்திலும் புஜக்கீர்த்தியிலும் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் அவ்வளவும் வெள்ளைப் பொட்டுகளாகத் திரும்பி அடித்தன. அதனினும் பெரிது, ஆட்டக்காரரின் கண் கூசியதும், முன்வரிசைப் பாட்டிமார் வெளிப்படையாகவே முணுமுணுத்ததும். அவர்களுடைய முணுமுணுப்பு முற்றிலும் நியாயமானது.

போகஸ் பிடிப்பதில் ஏற்பட்ட மாற்றம் இதைவிடப் பெரிது எனலாம். டி70இல் போகஸ் புள்ளிகள் ஐந்து; அவற்றுள் நடுப்புள்ளி ஒன்றே நெடுக்குக் கோட்டையும் குறுக்குக் கோட்டையும் ஒருங்கே உணரவல்ல குறுக்குவகை. மங்கிய வெளிச்சத்தில் மற்ற நான்கும் முன்னும் பின்னும் அலைந்து தவிக்க, நடுப்புள்ளியால் முகத்தைப் பிடித்து, பொத்தானைப் பாதி அழுத்தியவாறே சட்டத்தை நகர்த்தி எடுப்பது பழக்கமாயிற்று. அந்நகர்த்தலுக்கு ஆகும் அரை விநாடியில் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் களரியின் மறுகோடிக்குப் போயிருப்பான். டி7200இல் 51 புள்ளிகள், அவற்றுள் 15 குறுக்குவகை. முழுநிலவின் ஒளிக்கு நெருங்கிய மங்கலிலும் அவை வேலை செய்கின்றன. கட்டியங்காரனின் நக்கல் முகங்கள் வரிசையாகக் கூர்மையுடன் பதிந்தது புதிய கேமரா வந்த பின்னரே.

ஆயினும், புதிய கருவி பழைய இடர் ஒன்றைத் தீர்த்த கையோடு அதுவரை எவரும் காணாத இடர் ஒன்றை வெளியே கொண்டுவந்தது. ஐஎஸ்ஓ 12800 கிடைத்ததும் ஷட்டரை 1/500 விநாடிக்கு உயர்த்தி எடுத்த தொடர்படங்களில், ஒன்று வெளிச்சமாகவும் அடுத்தது இருண்டும், இன்னொன்றின் மேல்பாதி நீலமும் கீழ்ப்பாதி பழுப்புமாகவும் வந்தன. கேமராவில் கோளாறில்லை. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி கொண்டது. ஆதலால் சாதாரணச் சோக்கு வைத்த டியூப் லைட் விநாடிக்கு நூறுமுறை கூடிக் குறைந்து எரிகிறது. ஷட்டர் 1/60 விநாடி திறந்திருந்த காலத்தில் ஒரு துடிப்புக்கு மேலேயே உள்ளே வந்துவிடுவதால் ஏற்றமும் இறக்கமும் கலந்து சராசரியாகிவிட்டன; 1/500இலோ, துடிப்பின் ஒரு சிறு துண்டு மட்டுமே அகப்படுகிறது. தரம் குறைந்த எல்இடி விளக்குகள் களரிக்கு வந்தபின் இது இன்னும் மோசமாயிற்று. டி7200இல் வீடியோவிற்கும் பின்திரைவழிப் பார்வைக்கும் சிமிட்டல் குறைப்பு உண்டு, நிழற்படத்திற்கு இல்லை. கடைசியில் கண்ட வழி, ஷட்டரை 1/100க்கே இறக்கிக்கொண்டு, மிஞ்சிய உணர்திறனை லென்ஸின் துவாரத்தைச் சுருக்கச் செலவிடுவது: ஐஎஸ்ஓ 6400, எஃப்2.8. வேகம் டி70இன் காலத்தைவிடச் சிறிதே கூடியது. ஆனால் கிரீடத்தின் நுனியும் ஆட்டக்காரரின் கண்ணும் ஒருசேரக் கூர்மையாயின. விளம்பரம் வாக்களித்த இடத்தில் அல்லாமல் வேறோர் இடத்தில் பயன் கிடைத்தது.

டி70 மேம்பட்டு நிற்கும் இடமும் ஒன்று உண்டு. அதை நினைவில் வைத்திருப்பவர் இன்று சிலரே. உச்சி வெயிலில் ஒருவரை நிறுத்தி எடுத்தால் கண்குழியில் கரிநிழல் விழும். அதை நீக்கச் சிறிது ஃபிளாஷ் ஒளி வேண்டும். ஷட்டர் என்பது அடுத்தடுத்து ஓடும் இரு திரைகளால் ஆனது. குறிப்பிட்ட வேகத்துக்கு மேல், முதல் திரை முழுதும் திறக்குமுன் இரண்டாம் திரை மூடத் தொடங்கிவிடுவதால் ஃபிளாஷ் ஒளி படத்தின் ஒரு கீற்றில் மட்டுமே விழும். அந்த எல்லை டி7200இல் 1/250 விநாடி. டி70இலோ, திரைகள் முழுதும் திறந்த நிலையில் சென்சாரையே மின்முறையில் அணைத்து எழுப்பும் உத்தி கையாளப்பட்டதால், எல்லை 1/500 விநாடி. சித்திரை வெயிலில் களத்துமேட்டில் நின்ற ஒருவரைப் படமெடுக்கையில் இந்த ஒரு ஸ்டாப் வேறுபாடு, வானம் நீலமாக நிற்பதற்கும் வெளுத்துப்போவதற்கும் உள்ள வேறுபாடு. புதிய கேமராக்களில் ஃபிளாஷை மிக விரைவாகப் பலமுறை துடிக்கச் செய்து இவ்வெல்லையைக் கடக்கலாம். ஆனால் அதற்குத் தனி ஃபிளாஷ் வேண்டும், அதன் வலுவும் பாதிக்கு மேல் குறையும். டி70க்கு அதன் தலையிலேயே இருந்த சிறு ஃபிளாஷ் போதுமானதாயிருந்தது.

பட்டுச் சேலைகள் பற்றியும் ஒரு குறிப்பு தேவை. இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தால் இரண்டிலும் இல்லாத அலையலையான கோடுகள் தோன்றுமல்லவா, அதுபோல நெருங்கிய இழைவரிசையும் சென்சாரின் குழிவரிசையும் மோதும்போது படத்தில் மொயரே என்னும் பொய்க்கோலம் உண்டாகிறது. அதைத் தடுக்கச் சென்சாரின் முன் வைக்கும், படத்தை இம்மியளவு மங்கச் செய்யும் வடிப்பான் டி70இல் வலுக்குறைவானது. காஞ்சிபுரம் பட்டில் பச்சையும் ஊதாவுமாக நெளியும் வரிகளைக் கண்டு மணவீட்டார் சாயம் போய்விட்டதோ என்று வினவியதுண்டு. டி7200இல் அவ்வடிப்பான் அறவே இல்லை. எனினும் குழிகள் இருமடங்கு நெருக்கமாக அமைந்ததால், மோதுவதற்கு அதனினும் நுண்ணிய இழை வேண்டும். எனவே தொல்லை குறைந்ததே ஒழிய ஒழியவில்லை.

பின்திரை 1.8 அங்குலத்திலிருந்து 3.2 அங்குலமாயிற்று, முன்னதில் போகஸ் சரியா என்று பார்ப்பது வீண்முயற்சி, வீட்டுக்கு வந்து கணினியில் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். டி70இன் காண்குழாய் சட்டத்தின் 95 விழுக்காட்டையே காட்டியதால், எடுக்கும்போது தெரியாத மின்கம்பி படத்தின் ஓரத்தில் வந்து நிற்கும். வீடியோ டி70இல் கிடையாது. அது ஒரு குறையாகத் தோன்றியதுமில்லை.

சிசிடி சென்சாரின் நிறம் தனி அழகுடையது, சிமாஸில் அது வராது என்று சொல்வோர் அண்மைக் காலத்தில் பெருகியிருப்பதால், பழைய டி70கள் மீண்டும் கைமாறுகின்றன. இரண்டு கேமராக்களிலும் ஒரே மாலை வெயிலில் எடுத்த ரா கோப்புகளை, அதாவது கேமரா தன் விருப்பப்படி நிறம் கூட்டாமல் சென்சார் கண்டதை அவ்வாறே வைத்திருக்கும் கோப்புகளை, ஒரே மென்பொருளில் ஒரே வெள்ளைச் சமனில் திறந்து பார்த்த அனுபவம் அக்கூற்றுக்குத் துணைநிற்கவில்லை. மாநிறத் தோலின் சாயல் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. டி70 உள்ளே சமைத்துத் தந்த ஜேபெக் படங்களின் ஆழ்ந்த நீலமும் கனத்த நிழலுமே நினைவில் தங்கி, சென்சாரின் குணமாகப் பேசப்படுகின்றன என்று கருத இடமுண்டு.

ரா கோப்புகளைப் பற்றிய பேச்சு இவ்வொப்பீட்டின் மிக முக்கியமான செய்திக்குக் கொண்டுசெல்கிறது. டி70 தன் ரா கோப்பை, என்இஎஃப் என்னும் பெயரில், எப்போதும் சுருக்கியே எழுதியது; ஒவ்வொரு குழிக்கும் 12 பிட், கோப்பு ஒன்று ஐந்தாறு மெகாபைட். டி7200 14 பிட் வரை எழுதும். கோப்பும் பலமடங்கு பெரிது. ஆனால் 2005, 2006 ஆண்டுகளில் கூத்துக் களரியில் ஐஎஸ்ஓ 1600இல் எடுத்து, நாய்ஸ் மிகுதியால் பயனற்றவை என்று ஒதுக்கப்பட்ட என்இஎஃப் கோப்புகளை, 2023இல் அடோபி லைட்ரூமில் சேர்க்கப்பட்ட இயந்திரக் கற்றல்வழி நாய்ஸ் நீக்கத்தில் இட்டபோது, முகத்தில் பூசிய அரிதாரத்தின் விரல்தடம்கூடத் தெரிந்தது. அதே இரவுகளில் இடம் மிச்சம் பிடிக்க ஜேபெக்காக மட்டும் எடுத்தவற்றில் அவ்வளவு மீட்சி கிடைக்கவில்லை. நாய்ஸை நீக்கும்போது கேமரா அன்றே மழித்துவிட்ட விவரம் திரும்ப வராது. 512 மெகாபைட் மெமரி கார்டு விலையுயர்ந்த பொருளாயிருந்த நாளில் அந்தச் சிக்கனம் இயல்பானதே.

புதிது வாங்க எண்ணுவோருக்குச் சொல்லத்தக்கவை சிலவே. பகல் வெளிச்சத்தில் சிற்பமும் மனிதரும் எடுப்பவர் கையில் வேலை செய்யும் டி70 இருந்தால், பணத்தை நல்ல லென்ஸுக்குச் செலவிடுவது மேல். இரவுக் கலைகளை எடுப்பவருக்கு டி7200 போன்ற ஒன்று தேவை. பழையதாக வாங்கினாலும் தகும், ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்று பார்த்துக்கொள்ள வேண்டும், அதன் சோதிக்கப்பட்ட ஆயுள் ஒன்றரை லட்சம். கையால் போகஸ் செய்யும் பழைய ஏஐ வகை லென்ஸுகளுக்கு ஒளியளவைச் சொல்லும் வசதி டி70இல் இல்லை, டி7200இல் உண்டு, 50 மி.மீ. டி வகை லென்ஸைத் தானே போகஸ் செய்யும் மோட்டார் இரண்டு உடல்களிலும் இருக்கிறது. கண்ணாடியில்லாத இசட் வகைக் கேமராக்களில் இத்தகைய லென்ஸைப் பொருத்துவதற்காக நிகான் 2018இல் தந்த எஃப்டிஇசட் இணைப்பியில் அம்மோட்டார் இல்லை என்பதால், அங்கே இதைக் கையால்தான் போகஸ் செய்ய வேண்டும். முதல் தலைமுறை டிஎஸ்எல்ஆர்களால் கூத்து, திருவிழா, ஊர்ப் பெரியவர்களின் முகங்கள் ஆகியவற்றை எடுத்துவைத்தவர்கள், அந்த என்இஎஃப் கோப்புகளை இடம் அடைக்கின்றன என்று அழித்துவிடாமல், வெவ்வேறு இடங்களில் வைக்கும் இரண்டு வன்தட்டுகளில் உடனே படியெடுத்து வைத்தல் வேண்டும்.